அனைவரும் வருக என்று போட்டுவிட்டு கேட்டைப் பூட்டினால்?

எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கும். பொதுத் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: பொது வாழ்வும் நீதியும். ஓய்வு பெற்ற நீதிபதிகள், ஆட்சிப் பணியில் இருந்தவர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் என்று டிவியில் பார்த்த முகங்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். அழைப்பிதழின் அடியில் கொட்டை எழுத்தில் ‘அனைவரும் வருக’ என்று இருக்கும். கிழமை வியாழனோ வெள்ளியோ, நேரம் காலை 10.30. வட சென்னையில் வேலைநாள் பத்தரை மணிக்குப் பிழைப்பை விட்டுவிட்டுச் சொற்பொழிவு கேட்க வரக்கூடியவர் யார் என்று அதை அச்சுக்குக் கொடுப்பவர்கள் யோசித்ததே இல்லை. வருவது பி.ஏ. இரண்டாம் ஆண்டும் பி.காம். மூன்றாம் ஆண்டும்தான். அதுவும் அட்டெண்டன்ஸ் ஹாலில் எடுக்கிறார்கள் என்பதால்.

நான் பேராசிரியர் இல்லை. அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன், கொருக்குப்பேட்டைக்காரன். சொற்பொழிவைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒவ்வொரு பேச்சுக்கும் வவுச்சர் போடுகிறவன் நான்தான். யார் கார் வாடகை கேட்டார், யார் கவரைத் திருப்பிக் கொடுத்தார், யார் வாங்கிக்கொண்டு இருபது நிமிஷத்தில் கிளம்பினார், எல்லாம் என் ஃபைலில் இருக்கிறது.

முதலில் காசு விஷயம். அறக்கட்டளை என்றதும் பெரிய டிரஸ்ட் ஒன்று பின்னால் நிற்பதாக வெளியில் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தொண்ணூறுகளில் சில குடும்பங்கள் தங்கள் அப்பா நினைவாக, தாத்தா நினைவாக என்று ஆளுக்கு 50,000 ரூபாயைக் கல்லூரி பெயரில் டிபாசிட் போட்டுக் கொடுத்தன. அசலைத் தொடக்கூடாது, வட்டியில் ஆண்டுக்கொரு கூட்டம். அன்றைக்கு வட்டி 12 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேசரி, வடை, காபி கொடுத்து மிச்சமும் பிடித்திருக்கிறார்கள், பழைய லெட்ஜரில் பார்த்தேன். இன்றைக்கு 7 சதவீதம் கிடைத்தாலே நல்ல வட்டி. 3,500 ரூபாய். அடையாறிலிருந்து ஒருவரைக் காரில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்குள் அதில் முக்கால்வாசி காலி. மீதியில் ஃப்ளெக்ஸ், டீ, பிஸ்கட், நினைவுப் பரிசு, சால்வை.

சால்வை தனி வயிற்றெரிச்சல். எம்.சி. ரோட்டில் மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் குறையும். மேடையில் மூன்று பேர் என்று கணக்குப் போட்டு வாங்கி வைப்பேன். கூட்டம் தொடங்கும்போது ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முன்னாள் மாணவர் சங்கம், வார்டு பிரமுகர், யாரோ ஒருவருடைய சம்பந்தி. ஏழு பேருக்கும் போர்த்தி, ஏழு பேரும் படம் எடுத்து முடிப்பதற்குள் அரை மணி. பேச வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அப்புறம் கேள்விக்கு எங்கே நேரம்? “நேரமின்மை காரணமாக கேள்விகளைத் தவிர்த்து நன்றியுரைக்குச் செல்வோம்” என்று தொகுப்பாளினி சொல்லும்போது அந்த அரை மணியைச் சாப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியும். பில் என்னிடம்தானே இருக்கிறது.

பேச்சாளர்களைக் கூப்பிடுவதும் லேசில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை என்று சொன்னதும் மறுமுனையில் பேச்சு தடுமாறும். “அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரி நிக்குமே சார்?” நிற்கும்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும், நாங்கள் அதற்குள் புகுந்துதான் தினமும் வேலைக்கு வருகிறோம். மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கு 2019லும் விம்கோ நகருக்கு 2021லும் வந்துவிட்டது என்று சொல்லிப் பார்ப்பேன். சிரித்துவிட்டு, கார் அனுப்புங்கள் என்பார்கள். சென்னை ஹைகோர்ட் நீதிபதி சந்துரு 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற அன்று வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லி, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். ஏழு வருஷத்துக்குள் சுமார் 96,000 வழக்குகளை முடித்தவர். கார் வாடகை பேரம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் ஞாபகம் வரும்.

ஒரு காலத்தில் பாரிமுனை சட்டக் கல்லூரிப் பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார்களாம், ரிடையர் ஆன கண்காணிப்பாளர் சொல்வார். 2018ல் அந்தக் கல்லூரியையே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். ஹைகோர்ட் இங்கே, சட்டம் படிக்கிற பிள்ளைகள் அங்கே.

சரி, கேட் விஷயத்துக்கு வருகிறேன்.

போன முறைக்கு முந்தின கூட்டம், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றியது. நல்ல பேச்சாளர். டீ வாங்கியதற்குக் காசு கொடுக்கக் கேட்டுக்கு வந்தேன். அங்கே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கையில் அன்றைய பேப்பர், ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பக்கம் மேலே தெரியும்படி மடித்தது.

“ஐயா, ஐடி கார்டு இல்லாம உள்ள விட எனக்கு ஆர்டர் இல்ல” என்றார் வாட்ச்மேன்.

“பேப்பர்ல போட்டிருக்காங்களேப்பா. அனைவரும் வருகன்னு.”

“அது சும்மா போடறதுங்க.”

பெரியவர் சண்டை போடவில்லை. பின்னி மில்லில் வேலை பார்த்தவராம். 1996ல் மில்லை மூடினபோது கணக்கு முடித்து வெளியே வந்தவர். தொழிலாளர் சட்டம் என்று போட்டிருந்ததால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வந்திருக்கிறார். நான் உள்ளே ஓடிப்போய் மேலிடத்தில் கேட்டு, சரி என்று வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார். ஹாலில் அந்த நேரம் கடைசி மூன்று வரிசையும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயதில் கிராஜுவிட்டி பற்றி யாருக்கு என்ன அக்கறை இருக்கும்? அக்கறை இருந்த ஒரே ஆள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த ஊருக்குச் சொற்பொழிவு புதுசு இல்லை. பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் நடத்தியது. பக்திப் பேச்சுகள் நடக்கும், பின்னி மில் தொழிலாளர்கள் வந்து கேட்பார்கள். ஆழ்வாரைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் போகப்போகத் தங்கள் கஷ்டத்தையும் சொல்லத் தொடங்கினார்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான், அது போதவில்லை என்பது ஆரம்பக் குறைகளில் ஒன்று. 1918 மார்ச்சில் ‘தேசபக்தன்’ பத்திரிகை ஆசிரியராக இருந்த திரு.வி.க. வந்து தொழிலாளர்களிடையே பேசினார். ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது. தலைவர் பி.பி. வாடியா. அவருக்குத் தமிழ் வராது. அவர் இங்கிலீஷில் பேசுவார், அதைத் தமிழில் சொல்வார்கள், கூட்டம் நின்று கேட்கும். இரண்டு வருஷத்தில் மில் நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய் சங்கத் தலைவர்கள் மேல் தடையாணை வாங்கியது. சங்கம் வைத்தால் வழக்கா என்று எழுந்த சத்தம்தான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வரை போனது.

அந்த சபையும் காலை பத்தரைக்குப் பேச்சை வைத்திருந்தால் தொழிலாளி எங்கே வந்திருப்பான்? மில்லுக்குள் அல்லவா இருந்திருப்பான்.

இதை நான் முதல்வர் அறையில் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை. மாலை ஐந்தரைக்கு வைக்கலாம், கேட்டைத் திறந்துவிடலாம், மேடையில் இரண்டே நாற்காலி, சால்வை கிடையாது. உடனே எதிர்ப்பு. வெளி ஆள் வந்தால் பிரச்சினை, மாணவிகள் வீட்டுக்குப் போக நேரமாகும், இரண்டாம் ஷிப்ட் வகுப்பு இருக்கிறது, யார் பொறுப்பு. மாணவிகள் விஷயம் நியாயமானதுதான். விருப்பப்பட்டவர் மட்டும் இருக்கட்டும், அட்டெண்டன்ஸ் வேண்டாம் என்று முடிவானது. மற்றவற்றுக்கு மருந்து, கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டி. கல்லூரிகளில் இப்போது எதற்கும் ஜியோ டேக் போட்ட போட்டோ வேண்டும், எதையும் ஒரு தலைப்பின் கீழ் கணக்குக் காட்ட வேண்டும். மாணவர்கள் மட்டும் உட்கார்ந்தால் அது வெறும் கருத்தரங்கம், அது எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஊர் மக்கள் வந்தால் விரிவாக்கப் பணி, அந்த ஃபைல்தான் மெலிந்து கிடந்தது. இதைச் சொன்னதும் அறையில் எல்லோர் முகமும் தெளிந்தது. திரு.வி.க. சாதிக்காததை நாக் சாதித்தது.

முதல் மாலைக் கூட்டத்துக்குப் பேச வந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். பெயரைப் போடவில்லை, அவரே கேட்டுக்கொண்டது அது. வாட்ச்மேன் அண்ணனிடம் இன்றைக்கு யாரையும் நிறுத்தாதீர்கள் என்று சொன்னால், “அப்ப நான் எதுக்கு சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாற்காலி எடுத்துப் போடச் சொன்னேன். கூட்டம் அலைமோதியது என்றெல்லாம் கதை விடமாட்டேன். ஹால் முக்கால் நிறைந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சாயங்கால டியூட்டி முடித்த தூய்மைப் பணியாளர்கள், பிள்ளைகளோடு வந்த அம்மாக்கள், மீன் விற்கிற பெண்கள் சிலர். பின்னி மில் பெரியவர் வரவில்லை.

பேச்சு நாற்பது நிமிஷம். சட்ட உதவி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 39ஏ எப்படி 1976ல் சேர்ந்தது என்பதில் தொடங்கினார். திகார் சிறையில் இருந்த ஒரு கைதி, இன்னொரு கைதியை வார்டர் அடித்துச் சித்திரவதை செய்ததைப் பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டதையும், அதில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1979ல் எழுதிய தீர்ப்பையும் சொன்னார். அந்தக் கரகரக்கும் ஸ்பீக்கரையும் மீறி அது போய்ச் சேர்ந்தது. நடுவில் கொஞ்சம் தொய்வு. தன் காலத்து வக்கீல்களைப் பற்றிய துணுக்குகள், முன்வரிசை மட்டும் சிரித்தது.

பிறகு மைக் கீழே வந்தது. முதலில் எழுந்த அண்ணன் கேள்வி கேட்கவில்லை, உரையாற்றினார். கட்சி, தொகுதி, குடிநீர், மறுபடி கட்சி. அவரை உட்கார வைக்க ஒரு பேராசிரியை போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்து ஒரு தூய்மைப் பணியாளர். கான்ட்ராக்டில் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கி இறந்தால் குடும்பத்துக்கு என்ன என்று கேட்டார். 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது, கான்ட்ராக்ட் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதைவிட முக்கியம் ஆளை உள்ளே இறக்குவதே குற்றம் என்றார் நீதிபதி. கேட்டவர் தொகையை மட்டும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லி, கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

அப்புறம் மீன்கார அக்கா ஒருவர். மைக்கை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அது தேவையும் இல்லை.

“ஐயா, எனுக்குப் படிப்பு இல்ல. ஒண்ணு கேக்கணும். பொயல்ல எண்ணெ வந்துச்சு இல்ல, அப்ப படகுக்குக் காசு குடுத்தாங்க, வூட்டுக்குக் காசு குடுத்தாங்க. நான் காசிமேட்டுல எடுத்து கூடையில வெச்சு விக்கறவ. எண்ணெ நாத்தம்னு அப்ப ஒருத்தரும் மீனு வாங்கல. எம்பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல. படகுக்குக் கணக்கு இருக்குது, கூடைக்குக் கணக்கு இல்லியா?”

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியதைச் சொல்கிறார். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அரசு அறிவித்தது. கூடையைப் பற்றி நானும் அதுவரை நினைத்ததில்லை, கணக்கு பார்க்கிறவன்தான்.

நீதிபதி மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். விசாரித்தார்.

“மனு குடுத்தீங்களாம்மா?”

“குடுத்தேன். கேம்ப் போட்டிருந்தாங்க.”

“ரசீது வாங்கினீங்களா?”

“அதெல்லாம் யாரு குடுக்கறா?”

“யார்கிட்ட குடுத்தீங்க, பேர் தெரியுமா? ரேஷன் கார்டு எந்த விலாசத்துல இருக்கு? மார்க்கெட்ல விக்கறீங்கன்றதுக்கு அட்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் அக்கா முகம் மாறியது. சங்கத்து அட்டை ஒன்று சுருக்குப் பையில் இருந்தது. அதை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் 1987, பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். வெள்ளத்திலோ தொழிற்சாலை விபத்திலோ பாதிக்கப்பட்டவர் என்பதும் அதிலேயே இருக்கிறது. “இந்த அம்மா ரெண்டு கதவு வழியாவும் உள்ள போகலாம். 15100க்கு போன் போடுங்க.” அதற்கு முன்னால் ஒரு வேலை, பட்டியலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. யார் யார் பெயர் இருக்கிறது, எந்த விதிப்படி சேர்த்தார்கள், சில்லறையில் மீன் விற்கும் பெண்களைச் சேர்க்கச் சொல்லி ஏதாவது குறிப்பு ஃபைலில் இருக்கிறதா. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். “எழுதித் தர இங்க யாரும் இல்லியா? காலேஜ்தானே இது?” என்றார்.

அதைச் சொல்லும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் அரசியல் அறிவியல் துறை மொத்தமும் செருப்பைக் குனிந்து பார்த்தது.

ஆண்டு மலருக்கு இந்தக் கூட்டத்தின் அறிக்கையை என்னை எழுதச் சொன்னார்கள். பேச்சு அரைப் பக்கத்தில் முடிந்தது. கேள்விகள் மூன்று பக்கம் வந்தன. மலர்க் குழு கேள்விகளை வெட்டிவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றும் படத்தைப் பெரிதாக்கிப் போட்டது. வெட்டியதை வைத்துத்தான் இந்தப் பதிவு.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா அலுவலக ஜன்னலுக்கு வந்தார். கூட இன்னும் மூன்று பேர், எல்லோர் கையிலும் சங்க அட்டை. ஃபீஸ் கட்ட வந்து வரிசையில் நின்றிருந்த இரண்டாம் ஆண்டு பி.ஏ. பையன் ஒருவன், அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தவன், “நான் அடிச்சுத் தரேன்க்கா” என்று உள்ளே வந்து என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டான். தமிழ் டைப்பிங் என்னைவிட வேகம். தகவல் உரிமை மனுவில் “எங்கள் மீது கருணை கூர்ந்து” என்று ஆரம்பித்தான். கருணை வேண்டாம்டா, பிரிவு 6(1)ன் கீழ் என்று ஆரம்பி என்றேன். இவ்வளவு காலம் கணக்குத் தணிக்கைக்குப் பதில் எழுதிய அனுபவம் ஒருநாளாவது பயன்பட வேண்டாமா.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகைச் சீட்டை அக்கா தன்னிடமே வைத்துக்கொண்டார், ஜெராக்ஸ் மட்டும் எனக்கு. பதில் வந்துவிட்டது. கேட்ட தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை, பிரிவு 6(3)ன்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரே வரி. அந்த வேறு அலுவலகத்துக்கு முப்பது நாள் அவகாசம், இன்னும் முடியவில்லை. முதல் மேல்முறையீட்டைப் பையன் இப்போதே அடித்து வைத்துவிட்டான், தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலி.